பித்தளை டோக்கனுக்கு எந்தப் பூச்சு?

டெக்சஸில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் கார் நிறுத்தும் அறையைக் காலி செய்துவிட்டு, 1980களின் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகள், அதாவது காசு போட்டால் ஓடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள், மூன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறார். காசுக்குப் பதிலாகப் போடுவதற்கு, பிள்ளைகளின் பெயர் பொறித்த டோக்கன்கள் 500 அடிக்கக் கொடுக்கப்போகிறார். பித்தளை, 25 மில்லிமீட்டர் விட்டம் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. மேற்பூச்சில்தான் தடுமாற்றம். பாலிஷ் போட்ட பித்தளை, பழம்பொருள்போலக் கறுக்க வைத்த ஆன்டிக், நிக்கல் முலாம் மூன்றில் எது பார்க்க நன்றாக இருக்கும், எது நாள்பட உழைக்கும் என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. ஆனால் கண்ணுக்கும் கைக்கும் எது சரி என்று கேட்டவர், காசுத் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் கருவியைக் கேட்க மறந்துவிட்டார். விழுந்தது சரியான டோக்கன்தானா என்று சோதிப்பது அதுதான். கண்ணே இல்லாத அந்தக் கருவிக்கும் மேற்பூச்சு தெரியும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

முதலில் கண் விஷயத்தை முடித்துவிடுவோம். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அவை ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பது பள்ளியில் படித்ததுதான். அது முகம் பார்க்கும் கண்ணாடிபோலத் தெரிய வேண்டுமானால், மேற்பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு இது சுமார் 70 நானோமீட்டர், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமாக இழைத்த டோக்கன்கள் 500-ஐ ஒரு பெட்டியில் கொட்டி இரண்டு முறை குலுக்கினால் கதை முடிந்தது. ஒன்றோடொன்று உரசி விழும் கீறல்கள் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். கண்ணாடிப் பளபளப்பு, பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் நினைவு நாணயத்துக்குச் சரி. தினமும் கைமாறும் டோக்கனுக்கு அது சில வாரச் சந்தோஷம்.

ஆன்டிக் என்பது வேறு கதை. நம் வீட்டுக் குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் மேடான இடங்கள் மின்னும், துணி நுழையாத இடுக்குகளில் கறுப்பு தங்கிவிடும். அந்தக் கறுப்புதான் விளக்கின் வேலைப்பாட்டை எடுத்துக் காட்டுகிறது. டோக்கன் செய்பவர்கள் இதையே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். கந்தகம் அல்லது செலினியம் கலந்த கரைசலில் முக்கினால் பித்தளையில் உள்ள தாமிரம் கறுத்துவிடும். பிறகு சிறு கற்களோடு சேர்த்து உருட்டினால், எழுத்துகளின் மேடு மட்டும் வெளுத்து, பள்ளம் கறுப்பாகவே நிற்கும். இதில் எனக்குப் பிடித்தது, பயன்பாடும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது. விரல் பட்டுத் தேயத் தேய மேடு இன்னும் துலங்கும், பள்ளம் இன்னும் கறுக்கும். மற்ற பூச்சுகள் புதிதாக இருக்கும்போதுதான் அழகு. இது மட்டும் பழகப் பழக அழகாகிறது.

சரி, இப்போது துவாரத்துக்குப் பின்னால் போவோம்.

பழைய ஆர்கேட் பெட்டிகளில் இருந்த கருவிக்கு மின்சாரமே கிடையாது. காசு உள்ளே விழுந்ததும் ஒரு தொட்டில் அதன் விட்டத்தையும் எடையையும் பார்க்கும். தேறினால், சரிவான ஒரு பாதையில் உருளும். அந்தப் பாதையின் ஓரத்தில் ஒரு நிலைக்காந்தம் இருக்கும். இரும்புத் துண்டைப் போட்டால் அதில் ஒட்டிக்கொள்ளும், அதோடு ஏமாற்று வேலை முடிந்தது. பித்தளையோ காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தத்தைக் கடக்கும்போது, தேனுக்குள் இறங்கியதுபோல் அதன் வேகம் குறையும்.

காரணம் சுழல் மின்னோட்டம். காந்தப்புலம் மாறினால் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டார். உருளும் டோக்கனின் ஒவ்வொரு புள்ளியும் காந்தத்தை நெருங்குகிறது, பிறகு விலகுகிறது. ஆகவே அதற்குள்ளேயே சின்னச் சின்ன மின்சுழிகள் எழுகின்றன, ஆற்றில் காணும் சுழிபோல. லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்ன விதிப்படி அந்தச் சுழிகள் உருவாக்கும் காந்தப்புலம், தம்மை உண்டாக்கிய அசைவையே எதிர்த்து நிற்கும். அதனால்தான் வேகம் மட்டுப்படுகிறது. இழந்த ஆற்றல் சிறு வெப்பமாக டோக்கனிலேயே இறங்குகிறது. பாரிஸில் லியோன் ஃபூக்கோ 1855-இல் இதை ஒரு செப்புத் தட்டைக் காந்தங்களுக்கு நடுவே சுழற்றிக் காட்டினார்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. வேகம் இருந்தால்தான் பிடி இருக்கும். டோக்கன் மெதுவானால் மின்சுழியும் பலவீனமாகும், பிடியும் தளரும். ஆகவே அந்தக் காந்தத்தால் பித்தளையை ஒருபோதும் நிறுத்தி வைக்க முடியாது. ஓடுகிறவனை இழுத்துப் பிடித்து, நடக்கிறவனைச் சும்மா விட்டுவிடும்.

எவ்வளவு மட்டுப்படும் என்பது இரண்டைப் பொறுத்தது: உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு கனமானது. ஈயம் மோசமான கடத்தி, எடையோ அதிகம். அதனால் காந்தத்தைச் சட்டை செய்யாமல் பாய்ந்துவிடும். சுத்தத் தாமிரம் அபாரமான கடத்தி, மிகவும் தயங்கி இறங்கும். பித்தளையின் கடத்துதிறன் தாமிரத்தில் கால் பங்குக்குச் சற்று மேல், அதனால் நடுவில் நிற்கும். பாதை முடிந்து காற்றில் பாயும்போது, சரியான வேகத்தில் வந்தது மட்டுமே சரியான குழிக்குள் விழும். மற்றவை முட்டித் திரும்பி வெளியே வந்துவிடும். ஒரு சரிவு, ஒரு காந்தம், ஒரு குழி. இதை வைத்து உலோகத்தின் மின் கடத்துதிறனை அளக்க நினைத்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

இந்தச் சின்னக் கருவிக்கு ஒரு நாடே பணிந்து போயிருக்கிறது. அமெரிக்காவில் 1965-இல் வெள்ளித் தட்டுப்பாட்டால் 25 சென்ட் நாணயத்திலிருந்து வெள்ளியை எடுக்க வேண்டி வந்தது. செப்பு-நிக்கல் கலவை பார்க்க வெள்ளிபோலவே இருக்கும், ஆனால் அதன் கடத்துதிறன் தாமிரத்தில் இருபதில் ஒரு பங்குதான். நாட்டில் உள்ள விற்பனை இயந்திரங்கள் எல்லாம் அதைத் துப்பிவிடும். அதனால் நடுவில் சுத்தத் தாமிரம், இரு பக்கமும் செப்பு-நிக்கல் என்று மூன்றடுக்காகச் செய்தார்கள். வெளித்தோல் கண்ணுக்கு, உள்ளிருக்கும் தாமிரம் இயந்திரத்துக்கு. 2000-இல் பொன்னிற ஒரு டாலர் நாணயம் வந்தபோதும் இதே சிக்கல்தான். 1979-இன் வெள்ளிநிற டாலரை ஏற்கும் இயந்திரங்கள் இதையும் ஏற்க வேண்டும், நிறம் மட்டும் மாற வேண்டும். சாதாரணப் பித்தளையைத் தாமிரத்தின் மேல் போர்த்தினால் கடத்துதிறன் மிகுந்துவிடும். அதனால் 7 சதவீதம் மாங்கனீசு, 4 சதவீதம் நிக்கல் சேர்த்த பித்தளையைப் போர்த்தினார்கள். கடத்துதிறன் இறங்கியது, இயந்திரமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கைபட்டதும் அந்தப் பொன்னிறம் சீக்கிரமே பழுப்பேறிவிடுகிறது.

இப்போது புதிய கருவிகளுக்கு வருவோம். வீட்டில் ஆர்கேட் வைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஒப்பிட்டுப் பார்க்கும் வகைக் கருவி. அதற்குள் மாதிரிக்கு ஒரு டோக்கனைச் செருகி வைக்க வேண்டும். வரிசையாகக் கம்பிச்சுருள்கள் இருக்கும், அவற்றில் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். ஓர் இடைவெளியில் மாதிரி டோக்கன். அடுத்த இடைவெளியில் புது டோக்கன் விழுந்து கடக்கும். இரண்டு பக்கத்துக் குறிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால், அச்சு அசல் ஒன்றாக இருக்கும் கணத்தில் விடை பூஜ்யம். தராசு முள் நடுவில் நிற்பதுபோல. பூஜ்யத்தை எட்டினால் விளையாட்டு தொடங்கும்.

மேற்பூச்சு முக்கியமாவது இங்கேதான். மாறுமின்சாரத்தின் அதிர்வெண் கூடக் கூட, மின்சுழிகள் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். நொடிக்கு 10,000 அதிர்வு என்றால் பித்தளைக்குள் சுமார் 1.3 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும், அதாவது டோக்கனை ஏறக்குறைய முழுவதும் துழாவிவிடும். 1 லட்சம் அதிர்வு என்றால் 0.4 மில்லிமீட்டர்தான். நிக்கலிலோ, அதன் காந்த உட்புகுதிறன், அதாவது காந்தப்புலத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் திறன், காற்றைப்போல 100 மடங்கு என்று வைத்துக்கொண்டால், அதே 1 லட்சம் அதிர்வில் 0.04 மில்லிமீட்டரிலேயே அடங்கிவிடும். ஏனென்றால் நிக்கல், இரும்பைப் போலவே காந்தம் பிடிக்கும் உலோகம்.

நிக்கல் முலாம் எவ்வளவு தடிமன்? 5 மைக்ரான், அதாவது 0.005 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு டோக்கனுக்கு 0.05 கிராம், 20 டோக்கனுக்கு ஒரு கிராம் நிக்கல் போதும். நம் ஊர்க் கவரிங் நகைபோல உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இத்தனை மெல்லிய தோல் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் பித்தளையின் மின்சுழிகள் சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கின்றன, காந்தம் பிடிக்கும் நிக்கலோ அதைக் கூட்டுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை. அதனால் முலாம் பூசிய டோக்கனும் பூசாத டோக்கனும் அச்சில் ஒன்றாக இருந்தாலும் கருவிக்கு வேறு வேறாகத் தெரியக்கூடும். முலாம் மேடுகளில் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும்போது குறி மெல்ல நகரும். ஆன்டிக்கின் கறுப்புப் படலம் மிக மெல்லியது, காந்தமும் பிடிக்காது. கருவிக்கு அது வெறும் பித்தளைதான்.

முலாம் பற்றிப் பேசும்போது காரைக்குடியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது. 1953-இல் திறந்தார்கள். முலாம், துரு, மின்கலம் என்று பளிச்சென்று தெரியாத துறைகளுக்கு அன்று ஒருவர் அள்ளிக் கொடுத்தார். இன்றைக்கு ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்த வேலைகளுக்குக் கிடைக்க வேண்டும். நம் கையில் புழங்கும் பொருள்களில் பாதி, மேல்தோலால்தான் உயிர்வாழ்கின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் சுத்தத் தங்கம் என்று நம்பி நகை வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பித்தளையும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. அந்தச் சோதனை இரும்பு, நிக்கல் போலக் காந்தம் பிடிக்கும் உலோகங்களை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஒட்டாத உலோகங்களுக்குள் வேறுபாடு காண, நாற்பது ஆண்டுக்கு முந்தைய விளையாட்டுப் பெட்டிக்குத் தெரிந்த வித்தைகூட அந்தச் சோதனைக்குத் தெரியாது.

டெக்சஸ் நண்பருக்கு என் விடை: ஆன்டிக் பித்தளை. மேலே லாக்கர் என்னும் நிறமற்ற வார்னிஷ் பூச்சு வேண்டாம், டோக்கன்கள் உரசும்போது அது உரிந்து திட்டுத்திட்டாகிவிடும். வெள்ளி நிறம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், முலாம் பூசுவதற்குப் பதில் செப்பு-நிக்கல் கலவையிலேயே அடித்துத் தருவார்களா என்று கேளுங்கள். அது தேய்ந்தாலும் உள்ளும் புறமும் ஒன்றே. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது நிக்கல் ஒவ்வாமை இருந்தால் வெறும் பித்தளையோடு நின்றுவிடுங்கள்.

500-க்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பூச்சிலும் இரண்டிரண்டு மட்டும் வாங்குங்கள். ஒரு பலகையைச் சாய்த்து, அடியில் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒட்டி, டோக்கனை வழுக்கி விடுங்கள். நான் அப்படித்தான் செய்து பார்த்தேன். வெறும் பித்தளை அந்த இடத்தில் தயங்கித் தயங்கிக் கடந்தது. முலாம் பூசியது காந்தத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்தது. பிறகு கருவியில் ஒவ்வொன்றையும் இருபது முறை போட்டுப் பாருங்கள். மாதிரிக்குச் செருகும் டோக்கன் அதே பூச்சில், அதே தொகுதியில் அடித்ததாக இருக்கட்டும். ஒரு வருடம் ஆனதும் அதை எடுத்துவிட்டு, நன்றாகப் புழங்கித் தேய்ந்த ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள்.