வைரஸைக் காட்டும் லேசர் எக்ஸ்ரே உங்களுக்கு எடுக்க முடியுமா?

போன மாதம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் மார்பு எக்ஸ்ரே எடுக்க வந்தார். கடலுக்குப் போகிறவர். மூன்று வாரமாக இருமல், சளிப் பரிசோதனையும் எழுதியிருந்தார்கள். கூட வந்த மகன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். "சார், வெளிநாட்டுல லேசர் எக்ஸ்ரேயில வைரஸே தெரியுதாம். அதை எடுத்துட்டா சளி டெஸ்ட் வேணாம்ல?"

வீடியோ சொன்னது பொய்யில்லை. 2011-இல் கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் மிமிவைரஸ் என்ற பெரிய வகை வைரஸை எக்ஸ்-கதிர் லேசரால் ஒவ்வொன்றாகப் படம்பிடித்ததை வெளியிட்டார்கள். ஆனால் எப்படி எடுத்தார்கள் என்பதை வீடியோ சொல்லவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நான் சொன்ன நேரத்தில் பெரியவர் இருமிவிட்டார். படம் கலங்கிப்போனது, மறுபடி எடுத்தேன். எங்கள் மெஷினுக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும், அதற்குள்ளேயே இப்படி. வைரஸ் அளவுக்குச் சிறியதைப் பார்க்கக் கதிர் பயங்கர வலுவாக இருக்க வேண்டும். அந்தக் கதிர் பட்டதும் வைரஸின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோய், வைரஸே வெடித்துச் சிதறும். சிதறுவதற்குள் படத்தை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் லேசர் ஒருமுறை பளிச்சிடும் நேரம் ஃபெம்டோ நொடிக் கணக்கில் இருக்கிறது: ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒன்றை மறுபடி பத்துக் கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. அப்போதும் கிடைப்பது நேரடிப் படமில்லை. சிதறிய கதிரின் புள்ளிக்கோலத்திலிருந்து கணினிதான் உருவத்தைக் கணக்குப் போட்டு எடுக்கிறது.

படம் கிடைக்கும், வைரஸ் மிஞ்சாது. அந்தக் கதிரின் முன்னால் மனிதரை நிறுத்தவே முடியாது. மெஷினும் ஓர் அறைக்குள் அடங்குவதில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் 2017-இல் இயங்கத் தொடங்கிய இதே வகை மெஷினின் நீளம் 3.4 கி.மீ.

அதனால் நமக்குப் பயனில்லை என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க்கிருமியின் ஒரு புரதத்தின் அமைப்பை இந்த வகை லேசரில்தான் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட அமைப்பு தெரிந்தால் அதில் போய்ப் பொருந்தும் மருந்தைத் தேடலாம். இது நம்மிடம் வருவதானால் மருந்தாகத்தான் வரும், ஸ்கேனாக இல்லை. யாராவது "லேசர் எக்ஸ்ரேயில் கிருமியைக் காட்டுகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மார்பு எக்ஸ்ரேயில் எனக்குத் தெரிவது நுரையீரலில் உள்ள நிழல். அது காசநோயா, வேறா என்பதைச் சளிதான் உறுதிப்படுத்தும். மகனிடம் இதைத்தான் சொன்னேன். பெரியவர் அன்றே ஒரு டப்பாவில் சளி கொடுத்தார், மறுநாள் விடியற்காலைச் சளியோடு இரண்டாவதையும் கொண்டுவந்தார்.