கையெழுத்துக்கு முன் காலி செய்யும் தேதியைப் பேசுங்கள்

பல வருடங்களுக்கு முன் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி ஏற அந்த அம்மாவுக்கு முட்டிவலி. பெரிய வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். வீடு நல்ல விலைக்கே போயிருந்தது. அட்வான்ஸ் வாங்கியாயிற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. 60 நாளில் சாவியைக் கொடுக்க வேண்டும். என்னிடம் வந்தது 38-வது நாள்.

மீதி 22 நாளில் 17 வீடுகள் பார்த்தோம். பிடித்தது கிடைக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு தரைத்தள வீடு வந்தது. வீடு பரவாயில்லை, ஆனால் வாசலுக்குப் போகும் பாதை பக்கத்து வீட்டோடு பொதுவானது, அதில் பழைய தகராறு ஒன்று இருந்தது. "சார், பாதை விஷயத்தை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும், ஒரு வாரம் பொறுங்கள்" என்றேன். "பொறுக்க நாள் இல்லையே தம்பி, வேற வழியில்ல" என்றார். வாங்கினார்கள். ஒன்றரை வருடம் அந்தப் பாதைச் சண்டையில் நிம்மதி இழந்து, கடைசியில் வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

முதலிலேயே ஆறு மாதம் வாடகைக்குப் போகச் சொல்லி நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அன்றிலிருந்து, வீட்டை விற்கப் போகிறேன் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: "விற்றுவிட்டு எங்கே போகிறீர்கள்?"

பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. "பணம் கையில் வந்துவிட்டால் வீடு கிடைக்காதா என்ன?" என்பார்கள். பணம் இருந்தும் வீடு கிடைக்காமல் தவித்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோருமே விலைக்காக வாரக்கணக்கில் பேரம் பேசியவர்கள். காலி செய்யும் தேதியை மட்டும், வாங்குபவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை வாங்குபவர்தான் உங்கள் பின்னால் வருகிறார். அவருக்கு உங்கள் வீடு வேண்டும். நீங்கள் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்பார். கையெழுத்தான அடுத்த நிமிடம் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது தேதி தவறினால் நஷ்ட ஈடு தர வேண்டியவர் நீங்கள். நீங்கள் வாங்கப் போகும் வீட்டின் சொந்தக்காரருக்கும் உங்கள் அவசரம் எப்படியோ தெரிந்துவிடும். தரகர் சொல்லாவிட்டாலும் உங்கள் முகம் சொல்லிவிடும். "இந்த மாசத்துக்குள்ள பத்திரம் முடிக்கணும்" என்று நீங்கள் சொன்ன பிறகு, அவர் விலையில் ஒரு காசு குறைக்கமாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீடு பத்தே நாளில் விற்றுப்போனது என்றால், அந்தச் சந்தையில் வீடுகள் குறைவு, தேடுபவர்கள் அதிகம் என்று அர்த்தம். அதே சந்தையில்தான் நீங்களும் நாளை வாங்கப் போகிறீர்கள். விற்கும்போது உங்களுக்குச் சாதகமாக இருந்த வேகம், வாங்கும்போது உங்களுக்கு எதிராக நிற்கும். நீங்கள் வீட்டில் கலந்து பேசி மறுநாள் போன் செய்வதற்குள் அந்த வீடு வேறொருவருக்கு முடிந்திருக்கும். விலை ஏறிக்கொண்டிருக்கும் காலமாக இருந்தால், கணக்கில் கிடக்கும் பணத்தின் வாங்கும் சக்தியும் மாதாமாதம் குறையும். மந்தமான சந்தையில் இதற்கு நேர்மாறு: விற்பதுதான் கஷ்டம், வாங்குவது சுலபம். அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் விற்றுவிட்டு நிதானமாகத் தேடுவதில் பெரிய ஆபத்தில்லை. ஆகவே "முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. நீங்கள் தேடும் வகை வீடு, நீங்கள் போக நினைக்கும் பகுதியில், எத்தனை நாளில் விற்றுப்போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதம் விளம்பரங்களைத் தொடர்ந்து பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும்.

சரி, நாளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, அப்படியும் சிலருக்கு ஏன் எந்த வீடும் பிடிப்பதில்லை? இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாளாயிற்று. 1990-ல் டேனியல் கானமன், ஜாக் க்னெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மாணவர்களில் சிலருக்கு ஒரு காபி கோப்பையைக் கொடுத்து, "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், "என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், 25 வருடம் வாழ்ந்த வீட்டுக்கு எப்படி இருக்கும்?

பழைய வீட்டில் நடு இரவில் எழுந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும் என்று தெரியும். பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த சுவர் அங்கே இருக்கிறது. புது வீட்டில் இதெல்லாம் எப்படி இருக்கும்? ஒரு குடும்பத்தில் மகனும் மருமகளும் கூட்டிப்போன எல்லா வீட்டையும் அம்மா வேண்டாம் என்றார். ஒன்றில் வெளிச்சம் போதாது, ஒன்றில் சமையலறை இடுக்கு, ஒன்றில் ஏனோ மனசு ஒட்டவில்லை. மகனுக்குக் கோபம். நான் அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டேன்: "இப்போ இருக்கிற வீட்டுல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?" கொல்லைப்பக்கத் திண்ணை என்றார். காலையில் அங்கே உட்கார்ந்துதான் செடிகளைப் பார்ப்பாராம். அப்புறம் நான் காலை வெயில் விழும் பால்கனி உள்ள வீடுகளாகத் தேடினேன். மூன்றாவது வீட்டில் அவர் பால்கனியில் போய் நின்றார், கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மருமகளிடம், "இங்க நாலு தொட்டி வைக்கலாம்ல?" என்றார்.

வீட்டைத் தேடும் முன் குடும்பத்தில் ஒவ்வொருவரும், இப்போதைய வீட்டில் எதை இழந்தால் தாங்கமுடியாது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிபந்தனைகள் கொண்ட பட்டியலை விட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

தேடலை எப்போது நிறுத்துவது என்று கணிதத்தில் பிரபலமான ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொன்றாக வரும் வாய்ப்புகளில் சிறந்ததைப் பிடிக்க வேண்டும், விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்றால், முதல் 37 சதவீதத்தை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் அவை எல்லாவற்றையும் விட நல்லது எப்போது வருகிறதோ அப்போது பிடித்துக்கொள்வதே நல்ல வழி என்கிறது அது. வீடு தேடுவது அப்படியே இந்தக் கணக்கில் அடங்காது. சில நேரம் விட்ட வீடு திரும்பக் கிடைக்கும். ஆனாலும் என் அனுபவத்தில், முதலில் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பாடம் படிக்கத்தான் உதவுகின்றன. நம் பணத்துக்கு எது கிடைக்கும், எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிகிறது. அந்தப் பாடத்தை உங்கள் வீட்டை விற்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஒப்பந்தம் போட்டபின் படிக்க ஆரம்பித்தால், பாடம் முடியும்போது நாளும் முடிந்திருக்கும்.

பணக் கணக்கையும் அப்போதே போடுங்கள். வீடு 100-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கடன் பாக்கி 25 என்றால் கையில் வருவது 75. தரகு, வரி, புது வீட்டின் பதிவுச் செலவு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி, குடிபோனதும் செய்தே ஆகவேண்டிய பழுது வேலைகள் என்று ஒரு 10 போய்விட்டால் 65-தான் மிச்சம். பலர் 100-ஐ மனதில் வைத்து வீடு தேடுகிறார்கள். மிச்சத்துக்கு வங்கிக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றால், எவ்வளவு கிடைக்கும் என்று விற்பதற்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இது மிக முக்கியம். இருபது வருடம் முன்பு சுலபமாகக் கிடைத்த கடன் இப்போது கிடைக்காமல் போகலாம். விற்ற லாபத்துக்கான வரி நாட்டுக்கு நாடு வேறுபடும். மறுபடி வீடு வாங்கினால் சலுகை, ஆனால் இத்தனை காலத்துக்குள் வாங்க வேண்டும் என்ற கெடு பல இடங்களில் உண்டு. ஒரு கணக்காளரை ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள்.

இனி தேதிக்கு வருகிறேன். ஒப்பந்தம் போடும் முன் இதை மூன்று விதமாகச் சமாளிக்கலாம். உங்கள் வீட்டை வாங்குபவரிடம் நீண்ட அவகாசம் கேட்பது முதல் வழி: இரண்டு மாதத்துக்குப் பதில் நான்கு அல்லது ஐந்து மாதம். வாடகை வீட்டில் இருப்பவர், வேறு ஊரிலிருந்து மாறி வரப்போகிறவர், முதலீட்டுக்காக வாங்குபவர் போன்றோர் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இப்படி ஒரு தம்பதிக்கு இரண்டு பேர் விலை சொன்னார்கள். அதிக விலை சொன்னவர் 45 நாளில் சாவி கேட்டார். கொஞ்சம் குறைத்துச் சொன்னவர் ஐந்து மாதம் தருகிறேன் என்றார். குறைந்த விலைக்குக் கொடுக்கச் சொன்னேன். தயங்கினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். நான்காவது மாதம் அவர்களுக்கு வீடு அமைந்தது. அவசரமில்லாததால் அதில் பேரம் பேச முடிந்தது. விட்ட பணம் அங்கே திரும்பி வந்துவிட்டது.

இரண்டாவது, விற்றபின்னும் அதே வீட்டில் சில மாதம் வாடகைக்கு இருப்பது. இதை வாய்ப்பேச்சோடு விடக்கூடாது. மாத வாடகை எவ்வளவு, கடைசி நாள் எது, குழாய் உடைந்தால் யார் செலவு, நாள் தாண்டினால் ஒரு நாளைக்கு எவ்வளவு தர வேண்டும், இத்தனையும் தனி ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். வாங்குபவர் கொஞ்சம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாவி கொடுக்கும் நாளில் தருகிறேன் என்று கேட்டால் அதில் தவறில்லை. அவருக்கும் பயம் இருக்கும் அல்லவா?

மூன்றாவது, நீங்கள் வாங்கப் போகும் வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்பது: "என் வீட்டு விற்பனை முடிந்தால்தான் இதை வாங்குவேன், முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்" என்ற நிபந்தனை. சூடான சந்தையில் இதை ஒத்துக்கொள்பவர் குறைவு. ஆனால் வேறு ஆள் வந்தால் உங்களுக்கு 48 அல்லது 72 மணி நேரம் அவகாசம், அதற்குள் நிபந்தனையைக் கைவிட வேண்டும் அல்லது விலகிக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தால் சிலர் சம்மதிப்பார்கள்.

இடைக்காலக் கடன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பழைய வீட்டின் பணம் வரும் வரை, அதன் பேரில் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கிப் புது வீட்டை முடிப்பது. வட்டி வழக்கமான வீட்டுக் கடனை விட அதிகமாகவே இருக்கும். பழைய வீட்டை வாங்க வந்தவர் பின்வாங்கினால் இரண்டு வீட்டின் பாரமும் உங்கள் தலையில். பழைய வீட்டுக்கு ஒப்பந்தம் ஆகி, வாங்குபவரின் கடனும் அனுமதியான பிறகு மட்டுமே நான் இதற்குச் சரி என்பேன்.

எல்லாம் செய்தும் வீடு அமையவில்லை என்றால் வாடகைக்குப் போங்கள். சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது, எனக்குத் தெரியும். "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் கண் கலங்கியிருக்கிறார். இரண்டு முறை சாமான் மாற்றும் அலுப்பும் உண்மைதான். ஆனால் ஆறு மாத வாடகையையும் இரண்டாவது முறை மாறும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். தவறான வீட்டை வாங்கி மறுபடி விற்றால் பதிவுச் செலவும் தரகும் மட்டுமே பெரும்பாலும் அதைவிட அதிகம் ஆகும். வாடகைக்குப் போகும்போது தேவையான சாமான்களை மட்டும் பிரியுங்கள். மற்றவை பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்கள் குடியேற நினைக்கும் பகுதியிலேயே வாடகை வீடு எடுத்தால், அங்கே தண்ணீர் எப்படி, இரவில் சத்தம் எப்படி என்பதெல்லாம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

எவ்வளவு அவசரமானாலும் பத்திரச் சரிபார்ப்பை மட்டும் சுருக்காதீர்கள். உரிமை யார் பெயரில், அடமானம் இருக்கிறதா, வழி யாருக்குச் சொந்தம், கட்டட அனுமதி இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் பார்த்துச் சொல்லும் வரை முன்பணம் தராதீர்கள். விற்பவரின் வக்கீல் பார்த்தது போதாது.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தார். மறுநாள் காலை ஒப்பந்தத்தில் கையெழுத்து. எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று நகலை அனுப்பியிருந்தார். விலை நன்றாக இருந்தது. காலி செய்ய 45 நாள் என்று இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அதை நாங்க இன்னும் பேசவே இல்ல சார்" என்றார். அன்று இரவே வாங்குபவரிடம் பேசினார்கள். 45 நாள் என்பது 120 நாள் ஆயிற்று. அவருக்கும் பிள்ளையின் பள்ளி ஆண்டு முடிய அதே அவகாசம் தேவைப்பட்டதாம், யாராவது கேட்பார்களா என்று அவரும் காத்திருந்திருக்கிறார். கையெழுத்து இரண்டு நாள் தள்ளிப்போனது. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டைப் பார்க்கப் போகிறோம்.