ஒரே நெல், வேறு பட்டம்: பல பிராசஸர்களுக்கு ஒரு லைப்ரரி

குறுவைக்கு ஆடுதுறை 43 போட வேண்டிய வயலில் சி.ஆர். 1009 விதைத்தால் என்ன ஆகும் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னது 110 நாளில் அறுவடைக்கு வரும். பின்னதுக்கு 155 நாளாவது ஆகும். ஆனியில் விட்ட விதை கார்த்திகை மழையில் போய்ச் சாயும். மூட்டையில் ‘நெல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்தப் பட்டத்துக்கு என்பதும் வேண்டும். மொபைல் ஆப்புகளுக்கு ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டுகிறவர்கள் 2020க்குப் பிறகு மாட்டிக்கொண்ட சிக்கலும் இதேதான்.

(ஆப்பையும் ‘செயலி’ என்கிறோம், பிராசஸரையும் ‘செயலி’ என்கிறோம். இந்தக் கட்டுரையில் இரண்டும் அடிக்கடி வருவதால் ஆப், பிராசஸர் என்றே வைத்துக்கொள்வோம்.)

தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவைக் கணக்கிடும் சிறிய சி நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இதே நிரல் ஐபோனிலும் ஓட வேண்டும், ஆண்ட்ராய்டிலும் ஓட வேண்டும். கம்பைலர் ஒவ்வொரு மூலக்கோப்பையும் ஏதோ ஒரு பிராசஸருக்கான ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றும். ஏஆர் என்ற கருவி அவற்றை வரிசையாக ஒரு மூட்டையில் கட்டும். ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது அந்த மூட்டைதான், அதற்குமேல் மாயம் எதுவும் இல்லை. ஆப் கட்டும்போது லிங்க்கர் மூட்டையைப் பிரித்து, தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் லைப்ரரி 40 எம்பி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆப் அந்த அளவுக்குப் பருக்காது.

பல பிராசஸர்களுக்கான மூட்டைகளை ஒரே கோப்பில் அடுக்க ஆப்பிளிடம் லிப்போ என்ற கருவி உண்டு. அது உருவாக்கும் கோப்பின் தலைப்பு எளிமையானது. முதல் 4 பைட் அடையாள முத்திரை. அடுத்த 4 பைட் உள்ளே எத்தனை பிராசஸர் என்ற எண்ணிக்கை. பிறகு பிராசஸருக்கு 20 பைட் வீதம்: வகை, உட்பிரிவு, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த எல்லையில் அமர வேண்டும். பட்டம் எது, அதாவது எந்தத் தளத்தில் ஓடுவதற்கு என்று எழுத இதில் இடமே இல்லை.

வெகுகாலம் அது யாரையும் உறுத்தவில்லை. போனுக்கு ஆர்ம்வி7, ஆர்ம்64 என்ற பிராசஸர் வகைகள். ஆப்பைச் சோதிக்க மேக்கில் ஐபோன் போல நடிக்கும் சிமுலேட்டருக்கு ஐ386, எக்ஸ்86_64. நான்கும் வேறு வேறு, ஒரே கோப்பில் அடங்கின. 2020 நவம்பரில் ஆர்ம்64 வகை எம்1 பிராசஸர் கொண்ட மேக் வந்ததும் சிமுலேட்டரும் ஆர்ம்64 ஆகிவிட்டது. ஒரே பிராசஸர் பெயரில் இரண்டு மூட்டை வந்தால், இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க முடியாது என்று லிப்போ மறுத்துவிடும்.

பிராசஸர் ஒன்றுதானே, போனுக்குக் கட்டியதையே சிமுலேட்டருக்கும் கொடுத்தால் என்ன? கட்டளைகள் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்குள்ளும் தளத்தின் எண் பதிந்திருக்கும்: ஐபோனுக்கு 2, அதன் சிமுலேட்டருக்கு 7. லிங்க்கர் அதைப் படித்து, ‘சிமுலேட்டருக்குக் கட்டுகிறாய், கோப்பு போனுக்குரியது’ என்று நிறுத்திவிடும். சிமுலேட்டர் கட்டும்போது ஆர்ம்64ஐ விலக்கிவைப்பது பலர் பிடித்த குறுக்குவழி. வேலை நடக்கும்; ஆனால் புது மேக்கில் எல்லாமே எக்ஸ்86_64 கட்டளைகளின் மொழிபெயர்ப்பு வழியாக ஓட வேண்டியிருக்கும். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சரியான வழி 2019இல் ஆப்பிளின் ஆப் கட்டும் மென்பொருளான எக்ஸ்கோடு 11 உடன் வந்த எக்ஸ்சிஃப்ரேம்வொர்க். இது தனிக் கோப்பு அல்ல, அடைவு (ஃபோல்டர்). தளத்துக்கு ஒரு உள்ளடைவு, எது எங்கே என்று சொல்லும் பட்டியல் ஒன்று. நிரலை மூன்று முறை கம்பைல் செய்ய வேண்டும்: போனுக்கு ஆர்ம்64, சிமுலேட்டருக்கு ஆர்ம்64, சிமுலேட்டருக்கு எக்ஸ்86_64. ஐஓஎஸ் 11 முதல் 32 பிட் ஆப்புகள் ஓடுவதில்லை, ஆர்ம்வி7ஐ விட்டுவிடலாம். கம்பைலருக்குக் கொடுக்கும் இலக்குப் பெயரின் வாலில் ‘சிமுலேட்டர்’ என்ற சொல் இருக்கிறதா என்பதுதான் முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அது விடுபட்டால் பதியும் எண் 7 ஆகாது. சிமுலேட்டர் மூட்டைகள் இரண்டையும் லிப்போவால் ஒன்றாக்குங்கள், போன் மூட்டையைத் தொடாதீர்கள். பிறகு எக்ஸ்கோடுபில்ட் கருவியிடம் இரண்டு லைப்ரரிகளையும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஹெட்டர் (லைப்ரரியில் உள்ள செயல்களை அறிவிக்கும் கோப்பு) அடைவையும் கொடுங்கள். ஹெட்டர்களைத் தனி அடைவில் வைப்பது நல்லது. காட்டிய அடைவு முழுவதையும் அது அள்ளிக்கொண்டு போகும். பழைய வெளியீடு அதே பெயரில் கிடந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.

சரிபார்க்கும்போதும் பழைய பழக்கம் ஏமாற்றும். லிப்போவிடம் விவரம் கேட்டால் ‘ஆர்ம்64’ என்று மட்டும் சொல்லும், எந்தத் தளத்துக்குரியது என்று சொல்லாது. ஓடூல் கருவியால் தளத்தின் எண்ணைப் பார்த்தால்தான் நிச்சயம். எக்ஸ்கோடு வழியாகவே கட்டுகிறவர்கள், இயங்கும் பிராசஸருக்கு மட்டும் கட்டும் அமைப்பு ‘இல்லை’ என்றிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிழை தேடுவதற்கான டீபக் கட்டுமானத்தில் அது பொதுவாக ‘ஆம்’ என்றிருக்கும், ஒரு பிராசஸர் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும்.

அப்ஜெக்டிவ்-சி என்ற நிரல்மொழி கலந்த லைப்ரரியில் இன்னொரு வம்பு. ஏற்கெனவே உள்ள வகுப்பில் கூடுதல் செயல்களைச் சேர்க்கும் கேட்டகரி மட்டும் இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்பை லிங்க்கர் தேவையற்றது என்று விட்டுவிடும். ஆப் பிழையில்லாமல் கட்டப்படும். ஓடும்போது, தெரியாத செயலை அழைத்தாய் என்று விழும். ஆப்பின் லிங்க்கர் கொடிகளில் ‘ஆப்ஜ்சி’ கொடியைச் சேர்த்தால் தீரும்.

ஆண்ட்ராய்டில் லிப்போ செய்வதுபோல் பல பிராசஸர்களை ஒன்றாக ஒட்டிய கோப்பு என்பதே கிடையாது. பிராசஸருக்கு ஓர் அடைவு, அவ்வளவுதான். நிரலை ஆர்ம் 32, ஆர்ம் 64, எக்ஸ்86, எக்ஸ்86_64 என ஒவ்வொன்றுக்கும் கம்பைல் செய்து, ஸ்டாட்டிக் மூட்டையைப் பகிர்வு லைப்ரரி (ஆப் ஓடும்போது ஏற்றப்படுவது) ஒன்றுக்குள் இணைத்து, அந்தந்த அடைவில் வைக்கிறோம். 2019 ஆகஸ்ட் 1 முதல் பிளே ஸ்டோருக்கு 64 பிட் வடிவம் கட்டாயம். இங்கே கவனிக்க வேண்டியது, போன் அடைவுகளைக் கலந்து எடுக்காது. ஆப்பில் உள்ள வேறு ஏதோ லைப்ரரிக்கு 64 பிட் அடைவு இருந்து, உங்களுடையது 32 பிட்டில் மட்டும் இருந்தால், போன் 64ஐத் தேர்ந்துவிடும். உங்கள் லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஆப் நின்றுபோகும்.

கட்டி முடித்தபின் வரும் பிழைகளே கண்டுபிடிக்கக் கடினமானவை. ‘லாங்’ வகை 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8. ஒரு ‘இன்ட்’, ஒரு ‘லாங்’ கொண்ட கட்டமைப்பு ஆர்ம் 32இல் 8 பைட், ஆர்ம் 64இல் இடைவெளியோடு 16. பழைய போனில் அப்படியே கோப்பில் எழுதிய வேலிக் கணக்கைப் புதுப் போனில் திறந்தால் மாவும் குழியும் இடம் மாறிக் கிடக்கும். கோப்பில் எழுதும் எண்களுக்கு 32 பிட், 64 பிட் என்று அளவு உறுதியான வகைகளையே பயன்படுத்த வேண்டும்.

‘சார்’ வகை இதைவிட நயவஞ்சகம். தரிசு நிலத்துக்கு அடையாளமாக அதில் -1 வைத்தீர்கள் என்றால், மேசைக் கணினியில் போன் போல நடிக்கும் எக்ஸ்86 எமுலேட்டரில் சரியாக ஓடும். ஆண்ட்ராய்டின் ஆர்ம் போன்களில் ‘சார்’ குறியில்லாத எண். -1 அங்கே 255 ஆகிவிடும், -1தானா என்ற ஒப்பீடு ஒருபோதும் பலிக்காது. மேசையில் தரிசாகத் தெரிந்த நிலமெல்லாம் கையில் உள்ள போனில் சாகுபடி நிலமாகிவிடும். அந்த மாறியைக் குறியுள்ள ‘சார்’ என்று வெளிப்படையாக அறிவித்து எல்லா அடைவுகளுக்கும் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.