துண்டை வாசித்தால் மட்டும் போதாது

"பாமசி வேலை பழக வந்திருக்கன் சேர். எத்தனை மருந்தின் பெயர் பாடமாக்க வேணும்?"

ஏ.எல். எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் அநேகமாக இதைத்தான் முதலில் கேட்பார்கள். பெயர்கள் தானாக வரும். மூன்று மாதம் றாக்கையைத் துடைத்து அடுக்கினால், கண் பார்க்க முதல் கை அங்கே போய்விடும். எனக்குப் பயம் வருவதும் அந்த நாளில்தான்.

நான் பழகின காலத்தில், டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டில் காபிமசோல் என்றிருக்க, காபமசெப்பீனை எடுத்து எண்ணி உறையில் போட்டுவிட்டேன். முன்னது தைரொயிட் அளவுக்கு மிஞ்சிச் சுரப்பவர்களுக்கு, பின்னது வலிப்புக்கு. எழுத்து வரிசையில் அடுக்கிய றாக்கையில் இரண்டும் அக்கம்பக்கம். வேலை பழக்கிய ஐயா உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, வந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: "வலிப்பு யாருக்கு மகள்?"

"வலிப்பா? எனக்குக் கழுத்தில வீக்கம் எண்டுதானே டொக்டர் எழுதினவர்!"

ஐயா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். இன்றைக்கு என் கடையில் அந்த இரண்டும் வேறு வேறு அலுமாரியில் இருக்கின்றன.

ஆகவே நான் முதலில் பழக்குவது கேட்கத்தான். கொடுக்க முதல், யாருக்கு, என்ன வருத்தம். கொடுக்கும்போது, "இதை எப்படிப் போடுவீங்க?" இதற்குப் பதிலாக "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்தவருக்கு பஸ் பிடிக்கிற அவசரம், விளங்காவிட்டாலும் ஆட்டுவார்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் எழுதியிருந்தார்கள். கிழமைக்கு ஒரு தரம் மட்டும் போட வேண்டிய குளிசை அது. தினமும் போட்டால் எலும்பு மச்சையில் ரத்தம் ஊறுவது குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உறையிலும் சரியாக எழுதித்தான் கொடுத்தோம்.

"எப்படிப் போடுவீங்க அம்மா?"

"காலைல ஒண்டு, மனே."

'மகனே' என்பதைத்தான் அம்மா அப்படிச் சொன்னார். பழகுகிற பையன் சிரித்துவிட்டான். துண்டில் லத்தீனில் 'மானே' என்றிருந்தால் காலை, 'நொக்டே' என்றிருந்தால் இரவு என்று அன்றுதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் கண்ணாடி இல்லை, உறையில் இருந்தது அவருக்கு வெறும் கோடுகள். "மறக்காத நாள் எது உங்களுக்கு?" என்று கேட்டோம். வெள்ளி, கோயிலுக்குப் போகிற நாள் என்றார். 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று உறை நிறையப் பெரிதாக எழுதி, மறுபடியும் அவர் வாயால் சொல்லவைத்துத்தான் அனுப்பினோம்.

கை வேலையும் இருக்கிறது. பிள்ளைகளின் அன்டிபயோட்டிக் பாணி மருந்து தூளாக வரும். போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்தாறிய தண்ணீரைக் குறிக்குக் கீழே வரை விட்டு, மூடிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு குறி வரை நிரப்ப வேண்டும். அவசரத்தில் ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டி பிடிக்கும். முதல் நாள் பிள்ளை குடிப்பது நிறத் தண்ணீர், கடைசி நாள் குடிப்பது கட்டி மருந்து. அப்புறம், வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அதனால் கோடு போட்ட சிரிஞ்சைக் கையில் கொடுத்து, 5 மில்லிலீற்றர் இழுத்துக் காட்டுங்கள் என்று தாயிடமே சொல்வோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ் தட்டில் வைத்து உறைந்துபோனால் வீசத்தான் வேண்டும்.

சில மாதப் பயிற்சியில் 'பாமசிஸ்ட்' ஆகலாம் என்ற விளம்பரங்களைப் பார்த்துக் காசு கட்டுகிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழ் உதவியாளராக நிற்க உதவலாம், அவ்வளவுதான். மருந்தாளர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பாமசி அனுமதி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகிறது, பதிவுபெற்ற மருந்தாளர் இல்லாமல் கடை நடத்த முடியாது. யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்க முதல், இந்தப் படிப்பால் பதிவு கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

மாரி மழை தொடங்கி டெங்கு பரவுகிற நாட்களில் ஒருவர் வந்து டைக்ளோபினக் கேட்டார். மேல்வலி தாங்கவில்லையாம். நான் வாய் திறக்க முதல் அந்தப் பையனே கேட்டான்: "காய்ச்சல் இருக்கா அண்ணன்? எத்தனையாம் நாள்?"

மூன்றாம் நாள் என்றார். டெங்குவாக இருந்தால் இந்தக் குளிசை ரத்தப்போக்கை மோசமாக்கும் என்று சொல்லி, பெனடோல் மட்டும் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிக்கச் சொன்னோம். "கேட்டதத் தராத கடை" என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.