விரால் அடித்ததும் ராடைச் சுண்டலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஏரியில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறேன். 'டொப்'பென்று அடி விழுகிறது, தண்ணீர் தெறிக்கிறது. உடனே ராடை, அதாவது தூண்டில் கோலைச் சுண்டினால் தவளை மட்டும் பறந்து வந்து கரையில் விழுகிறது. கண்ணேறு பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்கிறார்கள். உண்மையில் நடப்பது என்ன?"

எலுமிச்சம்பழத்தைச் சாதத்துக்குப் பிழிந்துகொள்ளுங்கள். நடப்பதெல்லாம் மீனின் வாய்க்குள் நடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கை தானாகவே நிதானப்படும்.

மீனுக்குக் கை இல்லை. நம்முடையதைப் போலப் புரளும் நாக்கும் இல்லை. இரண்டின் வேலையையும் அது தண்ணீரைக் கொண்டே செய்துகொள்கிறது. இரை அருகில் வந்ததும் கீழ்த்தாடை இறங்குகிறது, தலை நிமிர்கிறது, தொண்டையின் அடித்தளம் அமிழ்கிறது, கடைசியாகச் செவுள் மூடிகள் இரு பக்கமும் விரிகின்றன. முன்னிருந்து பின்னாக ஓடும் இந்த விரிவில் வாயின் கொள்ளளவு சட்டென்று பெருகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் தண்ணீர் பாய்ந்து நுழைகிறது, இரையும் அதோடு போகிறது. சிரிஞ்சின் தண்டை இழுத்தால் மருந்து ஏறுவதும் இதே விதிப்படிதான். ஆனால் சிரிஞ்சுக்குப் பின்வாசல் கிடையாது, மீனுக்கு உண்டு. வந்த தண்ணீர் செவுள் வழியே வெளியேற, இரை மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத வேலை இது. நம் கண் பார்த்துக் கை அசைவதற்கே ஏறக்குறைய கால் நொடி ஆகும்.

இந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கும் செய்தி. ரப்பர் புழு, ரப்பர் தவளை முறைகள் வளர்ந்ததே வட அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனை நம்பித்தான். அந்த மீன் இரையை உறிஞ்சுவதை அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே காணொளியாகப் படமெடுத்து, எலும்புகளின் அசைவை முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, உறிஞ்சும் ஆற்றலில் 95 சதவீதத்துக்கும் மேல் நீந்துவதற்கான உடல் தசைகளிலிருந்து வருகிறது. தலையிலுள்ள தசைகளின் பங்கு மிகச் சிறியது. அதாவது முதுகும் வயிறும் சேர்ந்துதான் அந்த வாயைத் திறக்கின்றன!

இவ்வளவு பலமிருந்தும் உறிஞ்சல் எட்டும் தூரம் மிகக் குறைவு. திறந்த வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே, நீரோட்டத்தின் வேகம் வாயருகே இருந்ததில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மீன் இரையை ஒட்டி வந்துதான் உறிஞ்சும். அந்த நேரத்தில் தூண்டில் நரம்பு (தவளையைக் கட்டிய நூல்) விறைப்பாக இருந்தால், தண்ணீர் தவளையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும், தவளை நின்ற இடத்திலேயே நிற்கும். மீனுக்கு அகப்படுவது அதன் பின்கால் மட்டும்.

சரி, தவளை வாய்க்குள் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் உறிஞ்சல் பிடிப்பதற்கு மட்டும்தான். இரை பெரும்பாலும் முன்பற்களுக்கிடையே குறுக்காக மாட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொண்டைப் பக்கம் நகர்த்த, மீன் வாயைச் சற்றே விரித்து மறுபடியும் உறிஞ்சுகிறது. தொண்டையில் இன்னொரு தாடை, இன்னொரு வரிசைப் பற்கள். இரை அங்கே போய்ச் சேர வேண்டும். விராலின் வாய்க்கூரையும் எலும்புதான், அதிலும் பற்கள். இறுகக் கவ்விய அந்த வாயிலிருந்து உடனே இழுத்தால், தூண்டில் முள் எதிலும் ஏறாமல் தவளையோடு வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டாவது உறிஞ்சலுக்குப் பிறகு மீன் திரும்பி ஆழத்துக்கோ தாமரைக்கொடிகளுக்குள்ளோ போகத் தொடங்கும். அப்போது இழுத்தால் முள் தாடையின் ஓரத்தில் போய்க் குத்துகிறது.

அதற்காக நிமிடக்கணக்கில் காத்திருக்க முடியாது. வாய்க்குள்ளேயே சுவை அரும்புகள் இருக்கின்றன. ரப்பர் மெத்தென்று இருப்பதால் மீன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பிறகு அதே தண்ணீரை எதிர்த்திசையில் தள்ளித் துப்பிவிடும். ஓரிரு நொடிகள்தான் நமக்குக் கிடைப்பது.

பாஸ் மீனுக்குச் செய்ததை நம் விராலுக்கும் நம் ஊரிலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமே இருக்கிறது. சந்தையில் இவ்வளவு விலை போகிற மீன் எப்படிச் சாப்பிடுகிறது என்று படமெடுக்கப் பணம் ஒதுக்கினால், தூண்டில்காரருக்கு மட்டுமல்ல, தீவனம் தயாரிப்பவருக்கும் பயன்படும். இதை வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இனி இழுப்பு. அடி விழுந்ததும் ராடின் நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள், தொய்வை ரீலில் சுற்றுங்கள், மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ஒரே வீச்சாகத் தூக்குங்கள். தொய்வோடு சுண்டினால் பாதி வீச்சு நரம்பை நேராக்கவே செலவாகும். நைலான் நரம்பு நீளவும் செய்யும். 20 மீட்டர் நரம்பு பளு ஏறும்போது பத்தில் ஒரு பங்கு நீண்டால் 2 மீட்டர் போய்விடும், ராடின் வீச்சே ஏறக்குறைய அவ்வளவுதான். பின்னல் நூல் மிகக் குறைவாகவே நீளும். தாமரை அடர்ந்த ஏரிக்கு அதுதான் ஏற்றது.

ராடும் ஒரு நெம்புகோல், அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. இரு கைகளுக்கிடையே 25 சென்டிமீட்டர், நுனிவரை 2 மீட்டர் என்றால், கையில் 8 கிலோ விசை கொடுத்தாலும் நுனியில் 1 கிலோதான் மிஞ்சும். சந்தேகமிருந்தால் நரம்பின் முனையைச் சுருள்வில் தராசில் கட்டி, தராசை வேப்பமரத்தில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இவ்வளவு சிறிய விசை எலும்பை ஒட்டிய சதையில் ஏற வேண்டுமென்றால் முள்முனை கூராக இருந்தே ஆக வேண்டும், பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் நல்ல முள். வழுக்கினால் அரத்தில் இரண்டு தேய்ப்பு கொடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

காத்திருந்தும் பயன்படாத இடம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து கொப்பளிக்கும், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அங்கே விழும் அடி பசியால் வருவதில்லை, விரட்டுவதற்கான அடி. விழுங்கும் எண்ணமே இல்லாத மீன் எதற்கு இரண்டாம் முறை உறிஞ்சப்போகிறது? பெற்ற மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அப்படியொரு கூட்டத்தைக் கண்டால் தவளையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுங்கள்.