தாழிக்குள் இருக்கும் எலும்பு யாருடையது?

காவிரிக் கரையில் எலும்பு என்றால் ஆற்றில் கரைக்கிற பொருள். திருவையாறோ, பூம்புகார் சங்கமத்துறையோ, அஸ்தியை விட்டுவிட்டுத் தலைமுழுகி வந்தால்தான் போனவருக்கும் நிம்மதி, இருப்பவருக்கும் நிம்மதி. இதே மண்ணில், குத்தாலம் பக்கம் செம்பியன்கண்டியூரில் தோண்டியபோது முதுமக்கள் தாழிகள், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், வந்தன. தொல்லியல்காரர் கேட்பது ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்: எலும்பில் ஈரம் படக்கூடாது, வெறுங்கையால் தொடக்கூடாது, பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதில் ஒரு துண்டை அரைத்துத் தூளாக்குவார்கள். சண்டை பிடிப்பது இந்தத் தூளில்தான்.

ஏன் அரைக்க வேண்டும்? எலும்பு வெறும் சுண்ணாம்புச் சத்து இல்லை, உள்ளே கொலாஜன் என்ற புரதம் பின்னிக் கிடக்கிறது. உயிரோடு இருந்தவரை சாப்பாட்டின் வழியாக வந்துகொண்டிருந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், இறந்தபின் வராது. இருப்பதும் 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் குறையும், மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். அதே கொலாஜனில் கார்பன்-13 என்ற இன்னொரு வகைக் கார்பன் எவ்வளவு என்று பார்த்தால் ஆள் நெல்லுச்சோறு தின்றவரா, கம்பும் கேழ்வரகும் தின்றவரா என்றுகூட ஊகிக்கலாம், ஏனென்றால் இந்த இரண்டு வகைப் பயிரும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கிற வழி வேறு. டெல்டாக்காரர்களுக்கு இதைவிடச் சுவையான கேள்வி உண்டா என்ன! மரபணு வேண்டுமென்றால் உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பைத் துளைக்க வேண்டும், உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் அது ஒன்று. ஆனால் நம் வெயிலும், நாற்றங்கால் மாதிரி நனைந்து நனைந்து காயும் வண்டல் மண்ணும் கொலாஜனையும் மரபணுவையும் சீக்கிரம் தின்றுவிடும். அரைத்தும் ஒன்றும் கிடைக்காமல் போவதுண்டு. அரைத்தது திரும்பவும் வராது.

எலும்பை ஆய்வுக்கு எடுப்பதை எதிர்ப்பவர்களை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் வெளிநாட்டில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரையில், கெனவிக் ஊரில் 1996-இல் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது, வயது சுமார் 8,500 ஆண்டு. அந்தப் பக்கத்துப் பழங்குடியினர், இவர் எங்கள் மூத்தவர், ஆய்வெல்லாம் வேண்டாம், புதைக்கக் கொடுங்கள் என்றார்கள். பழங்குடியினரின் மூதாதையர் எலும்பை அவர்களிடமே ஒப்படைக்கச் சொல்லும் சட்டமும் 1990-லேயே வந்திருந்தது. விஞ்ஞானிகள் சிலர் வழக்குப் போட்டார்கள், மண்டையோட்டின் அமைப்பு இவர்களோடு ஒத்துப்போகவில்லை என்ற வாதமும் கிளம்பியது, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறவுக்குப் போதிய ஆதாரமில்லை என்று விஞ்ஞானிகள் பக்கம் நின்றது. அப்புறம் 2015-இல் கை எலும்பிலிருந்து எடுத்த மரபணு, இன்றைய அமெரிக்கப் பழங்குடியினருக்கே அவர் மிக நெருக்கம் என்று காட்டிவிட்டது. 2017 பிப்ரவரியில் அவர்கள் புதைத்தார்கள். முதலிலேயே புதைத்திருந்தால் இந்தச் சான்று இல்லை. மண்டையோட்டை அளந்தவர்களை மட்டும் நம்பியிருந்தால் அவர் இன்னும் பெட்டியில்தான் இருந்திருப்பார்.

இஸ்ரேலில் விவகாரத்தையே வேறு மாதிரி முடித்தார்கள். 1994 முதல் அங்கே மனித எலும்பு தொல்பொருள் கணக்கில் வராது, மறுபுதைப்புக்காக மத விவகாரங்களைப் பார்க்கும் அமைச்சகத்திடம் போய்விடும்.

நம் ஊரில் சிக்கல் இன்னொரு ரகம். தாழியில் இருப்பவரை ‘என் பாட்டன்’ என்று கேட்டு வருவார் யாருமில்லை. இருப்பதெல்லாம் பயமும் கதையும்தான்: சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறும் விளக்கும் வைத்து உயிரோடு தாழிக்குள் இறக்கினார்களாம். ஆனால் பல தாழிகளில் முழு உடம்பே இல்லை. வேறிடத்தில் சதை மக்கியபின் பொறுக்கி வைத்த சில எலும்புகள் மட்டும் இருக்கும், குழந்தை எலும்பும் உண்டு.

சரி, யாராவது கேட்டே வந்தாலும் எந்தச் சடங்குப்படி அடக்கம் செய்வது? மணிமேகலை புகாரின் சுடுகாட்டைக் காட்டும்போது ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று, எரிப்பது, வெறுமனே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து வழக்கத்தை ஒரே மூச்சில் அடுக்குகிறது. ஒரே ஊர், ஒரே சுடுகாடு! தாழியில் வைக்கப்பட்டவரை எடுத்து ஆற்றில் கரைப்பது இன்றைய நமக்கு நிம்மதி தரலாம், அவருடைய ஆட்கள் கேட்டது அதுவல்ல.

என் கட்சி இதுதான்: குழி வெட்டுமுன் ஊரைக் கூட்டி, எதை எடுப்போம், எவ்வளவு அரைப்போம், மிச்சம் எங்கே இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். ஊர் ஒரு சூடம் ஏற்றச் சொன்னால் தாராளமாக ஏற்றலாம். குழியைவிட்டுக் கொஞ்சம் தள்ளி மட்டும், ஏனென்றால் புகைக்கரியும் கார்பன்தான், எலும்பில் படிந்தால் வயதுக் கணக்கு பிசகலாம்.