வீல்: காலா, வட்டையா?

எஸ்யூவி வாங்கிய கையோடு பலரும் கேட்கும் முதல் கேள்வி, "வீல் சைஸை ஏத்தலாமா?" என்பதுதான். "பதினேழைப் பதினெட்டாக்கலாம்" என்பார் கடைக்காரர். சரி, அந்தப் பதினெட்டு எதன் அளவு? டேப்பை வைத்து அளந்தால் சக்கரம் ஏறக்குறைய 29 அங்குல உயரம் வருகிறதே!

குழப்பம் சொல்லில் இருக்கிறது. நாம் சக்கரம் என்றால் டயரையும் சேர்த்துத்தான் நினைக்கிறோம். கடையில் வீல் என்றால் டயரைக் கழற்றியபின் மிஞ்சும் உலோகப் பகுதி மட்டும். பேச்சு வழக்கில் ரிம். பதினெட்டு என்பது அதில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில்.

வீல் ஆங்கிலம், சக்கரம் தமிழ் என்று பிரித்துவிடவும் முடியாது. சக்கரம் வடமொழி வழி வந்தது. வீலும் அதுவும் ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்த தூரத்து உறவுகள். தமிழில் உருளை, ஆழி, திகிரி என்று பல உண்டு. எனக்குப் பிடித்தது கால். "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்ற குறளில் கால் என்பது தேரின் சக்கரம்தான். இலங்கைத் தமிழர் இன்றும் சில்லு என்கிறார்கள். இங்கே அந்தச் சொல் ஓட்டாஞ்சில்லோடு நின்றுவிட்டது.

ஆனால் இவையெல்லாம் முழுச் சக்கரத்துக்கான பெயர்கள். ரிம்முக்குத் தனிச்சொல் வேண்டுமானால் மாட்டுவண்டியிடம் போக வேண்டும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி மரத்தாலான வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. கொல்லர் பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையில் மாட்டி, தண்ணீர் ஊற்றுவார். அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் டயர் என்ற சொல் முதலில் குறித்தது இந்த இரும்புப் பட்டையைத்தான். உடை, அலங்காரம் என்ற பொருளுடைய 'அட்டயர்' என்ற சொல்லின் குறுக்கம் அது என்பார்கள். சக்கரத்துக்கு உடுத்திய உடை. ரப்பர் பின்னால் வந்தது.

ஆக ரிம்முக்கு வட்டை, டயருக்கு உருளிப்பட்டை. இரண்டாவது எழுத்தில் ஓரளவு புழங்குகிறது. வட்டையை நான் பரிந்துரைப்பேன், ஆனால் கடையில் போய்ச் சொன்னால் வேட்டி, வட்டி என்று ஏதாவது காதில் விழும். அலாய் வீல் என்பதைக் கலப்புலோக வட்டை எனலாம். பைக் ஓட்டுபவர்கள் சொல்லும் மேக் வீல், மக்னீசியத்தின் சுருக்கம். பந்தயக் கார்களுக்கு அந்த உலோகத்தில் வார்த்த காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலும் அலுமினியக் கலவைதான்.

இந்தப் பிரிப்பு தெரிந்தால் தவறான அளவை வாங்காமல் பணத்தையும் மிச்சப்படுத்தலாம். மகிந்திரா எக்ஸ்யூவி 700இல் சில வகைகளுக்கு டயர் அளவு 235/65 ஆர்17, மேல் வகைகளுக்கு 235/60 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் வட்டையின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று கணக்கு. யார் இப்படி யோசித்தார்களோ! கணக்குப் போட்டால் முதலாவது சக்கரத்தின் மொத்த விட்டம் 737 மி.மீ., இரண்டாவது 739. அதாவது வட்டை ஒரு அங்குலம் வளர்ந்தது, கால் வளரவில்லை. பக்கச்சுவர்தான் மெலிந்தது. பார்க்க அழகு, பள்ளத்தில் விழுந்தால் அடி வட்டைக்கு.

அதற்குப் பதில் 235/65 ஆர்18 போட்டால் விட்டம் 763 மி.மீ. ஆகும். இப்போது கால் உண்மையாகவே பெரிது. வண்டி 13 மி.மீ. உயரும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 என்னும்போது வண்டி 103ஐத் தாண்டி ஓடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசுமா என்றும் பார்க்க வேண்டும். வட்டையின் உட்புறம் இ.டி. என்று ஓர் எண் பொறித்திருக்கும்: போல்ட் மாட்டும் முகம் வட்டையின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும்.

அப்புறம் அந்த 'ஆர்'. ரேடியஸ் என்று நினைப்பவர் நிறைய. அது ரேடியல்: டயருக்குள் இழைகள் நடுவிலிருந்து கதிர்போல ஓடுகின்றன. மிச்சலின் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. இரண்டு சொல்லுக்கும் மூலமான லத்தீன் ரேடியஸுக்குப் பொருள் ஆரக்கால். பழந்தமிழில் ஆரக்காலுக்கு இன்னொரு பெயரும் உண்டு: ஆர்.